ரோவன் தெரு வெள்ளையாக இருக்கிறது

உப்சாலா,
9 அக்டோபர் 1983

அன்புள்ள ரோனா அக்காவுக்கு,

எல்ஸ்பெத் எழுதுவது. நான் இங்கே சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆர்ச்சி அத்தானுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா? உன் குட்டிப் பெண் கிர்ஸ்டிக்கு இழுப்பு குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன தடவை மாதிரி "எல்லோரும் நலம்" என்று ஒரே வரியில் கழித்துக்கட்டாதே.

இங்கே ஸ்வீடனில் குளிர் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே தரை உறைந்து கிடக்கிறது, உள்ளே நான் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ராத்திரி துவைத்துப் போட்ட துணி காலையில் காய்ந்துவிடுகிறது. நம் ஊர் தோர்ன்பாங்கில் ஒரு துண்டு காய்வதற்கு ஒரு வாரம் ஆகுமே! ஒவ்வொரு நாளும் உங்களை நினைத்துக்கொண்டுதான் துணியை மடித்து வைக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. பட்டத்துக்கான என் ஆய்வு நம் தோர்ன்பாங்க் குடியிருப்பைப் பற்றித்தான். பேராசிரியர் ஹெட்வால் ஒப்புக்கொண்டுவிட்டார். "சுவரெல்லாம் ஈரம் ஊறி ஓதம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அது எந்தத் தெருவுல யாரைப் பிடிக்குதுன்னு வரைபடத்துல காட்டுங்க, அப்புறம் எவனும் மறுக்க முடியாது" என்றார். நமக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் கவுன்சில் போட்ட நெஞ்சு நோய் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தேன். நம் குடியிருப்பையும் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றியிருக்கும் பங்களாக்களையும் ஒரே வட்டாரமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் நல்ல மூச்சையும் நம் பிள்ளைகளின் இழுப்பையும் கூட்டி வகுத்தால், எல்லோரும் சுமாராக மூச்சு விடுவதாக வருகிறது.

அதனால் வீடு வீடாகக் கேட்க வேண்டும். நீதான் கேட்க வேண்டும். உன்னைத் தவிர அங்கே யார் முகத்துக்குக் கதவைத் திறப்பார்கள்? ஒரு விதி மட்டும் ரொம்ப முக்கியம். "உங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்காதே. "நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யார் தூங்கினாங்க? அவங்கள்ல யாருக்கு நெஞ்சு சரியில்ல?" என்று கேள். இல்லாவிட்டால் ஒரே பிள்ளையை அம்மா வீட்டில் ஒரு தடவையும் அத்தை வீட்டில் ஒரு தடவையும் எண்ணிவிடுவோம். கணக்கெடுக்கிற எங்கள் தொழிலில் அது பெரிய பாவம். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். தெருவும், எந்தப் பொதுப் படிக்கட்டைச் சேர்ந்த வீடு என்பதும் போதும். கவுன்சிலின் வாடகை ஆபீஸ்காரர்கள் கையில் சிக்கினாலும் யார் வீடு என்று தெரியக் கூடாது.

கிர்ஸ்டியின் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. இங்கே கம்பளிக் காலணி அழகாக இருக்கிறது.

உன் தங்கை,
எல்ஸ்பெத்


ரோவன் தெரு, தோர்ன்பாங்க்,
30 அக்டோபர் 1983

அன்புத் தங்கை எல்ஸ்பெத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பதில் எங்களுக்குச் சந்தோஷம். கேட்டபடி தனித்தனியாகப் பதில். முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆர்ச்சிக்கு வேலை இல்லை. கப்பல் பட்டறை வாசல்வரை தினமும் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். கிர்ஸ்டி நன்றாக இருக்கிறாள். கன்னமெல்லாம் சிவந்திருக்கிறது, வயிறாரச் சாப்பிடுகிறாள். காலணி வாங்காதே. வளர்கிற கால், தபாலில் வருவதற்குள் சின்னதாகிவிடும்.

உனக்கு ஆள் தேவை என்றால் நான் போகாமல் யார் போவது? ஆனால் உன் வரைபடம் இந்தக் கவுன்சில்காரர்களை அசைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போன வாரம் டால்கிளீஷ் என்று ஒரு புது ஆபீசர் வந்தார். சமையலறைச் சுவரில் பூஞ்சணம் கறுகறுவென்று கூரைவரை ஏறியிருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இந்த ஈரம் சுவர்லேர்ந்து வரல மேடம். உங்க கெட்டில்லேர்ந்து வருது. நீங்க விடுற மூச்சுலேர்ந்து வருது. ஜன்னலைத் திறந்து வையுங்க" என்றார். வெளியே மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு மேசி டெவ்லின் வாசலில்தான் நின்றிருந்தாள். "அதுக்கென்ன சார், திங்கக்கிழமை நான் மூச்சு விடறேன், செவ்வாக்கிழமை ரோனா விடட்டும். முறை வெச்சுக்கறோம்" என்றாள். அந்த மனுஷன் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

மரங்களின் பெயராகப் பொறுக்கித் தெருவுக்கு வைத்தார்களே, ரோவன், லார்ச், பர்ச் என்று, ஒரு செடியாவது நட்டார்களா? இங்கே முளைப்பது சுவரில் முளைப்பதுதான்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. மூலையிலிருந்த டெலிபோன் பெட்டியையும் எவனோ உடைத்துவிட்டான். உன் குரல் எப்படி இருக்கும் என்று சில நாள் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படிவங்களை அனுப்பு. ராத்திரியில் ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

உன் அக்கா,
ரோனா


ரோவன் தெரு,
11 டிசம்பர் 1983

அன்புள்ள எல்ஸ்பெத்துக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் ஊரில் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார், சிக்கனம் பார்க்காதே.

படிவங்கள் எல்லாம் முடிந்தன. இத்துடன் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். லார்ச் தெருவில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் என் முன்னாலேயே வரிசையாக இருமிக் காட்டின. பர்ச் தெருக்காரி ஒருத்தி, "ஸ்வீடன்ல நம்ம இருமலைப் படிக்கிறாங்களா? அங்க இருமலே கிடையாதா?" என்று கேட்டாள். ரோவன் தெருவில், நம் தெருவில்தான், யாரும் கதவை முழுசாகத் திறக்கவில்லை. கேட்டேன், சொன்னார்கள், சாத்திக்கொண்டார்கள். நீ சொன்ன விதியை ஓர் இடத்திலும் மீறவில்லை. நேற்று ராத்திரி யார் தூங்கினார்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

கிர்ஸ்டிக்கு நீ அனுப்பிய கலர் பென்சில்கள் வந்தன. பெட்டியே எவ்வளவு அழகு! பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அவள் படம் வரைந்தால் அனுப்புகிறேன்.

புத்தாண்டுக்கு நீ வந்தால் நன்றாக இருக்கும். வர முடியாது என்று தெரியும், சும்மா எழுதுகிறேன். கறுப்புக் கேக் சின்னதாகச் செய்தால் போதும் என்று ஆர்ச்சி சொல்லிவிட்டார். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, எல்ஸ்பெத்.

உன் அக்கா,
ரோனா


உப்சாலா,
5 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

நலமா? எனக்குச் சின்ன ஜலதோஷம், அதைத் தவிர ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் அதுவும் தெரியவில்லை. வரைபடம் முடிந்துவிட்டது! நெஞ்சு நோயுள்ள பிள்ளைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கருஞ்சிவப்பு. லார்ச் தெருவும் பர்ச் தெருவும் ரத்தம் கட்டினாற்போல இருக்கின்றன. கோல்ஃப் பக்கம் பளிச்சென்று வெள்ளை. பேராசிரியர் அதைச் சுவரில் மாட்டி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இனி சராசரின்னு சொல்லித் தப்பிக்க முடியாது" என்றார். பல்கலைக்கழக முத்திரையோடு கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டோம். மரியாதையாகப் பதில்கூட வந்திருக்கிறது.

நம் ரோவன் தெரு வெள்ளையாக வந்திருக்கிறது. உன் வீட்டை நீயே எண்ணுவது சரியில்லை என்று விட்டுவிட்டாய் போல, உன் நேர்மை எனக்குத் தெரியாதா. மற்ற வீடுகளிலும் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்பது நிம்மதியாக இருந்தது. கடல் மழையை நேராக வாங்குகிற தெருவாயிற்றே என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நான்கு மாதமாக நம் ஊரைப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறேன். மீன் வறுக்கிற கடையின் மூலை வந்தபோது பென்சிலை வைத்துவிட்டு அழுதேன். வறுவலில் தெளிக்கிற வினிகர் வாசனை வந்த மாதிரி இருந்தது. நீ என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வழி அது.

கிர்ஸ்டி படம் ஒன்றும் அனுப்பவில்லையே! சித்தி மேல் கோபமா?

உன்,
எல்ஸ்பெத்


ரோவன் தெரு,
26 பிப்ரவரி 1984

எல்ஸ்பெத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜலதோஷத்துக்கு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடி.

கவுன்சில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உன் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். லார்ச் தெருவுக்கும் பர்ச் தெருவுக்கும் இந்தக் கோடையில் சுவரை உரித்துப் புதுசாகப் பூசி, வெந்நீர்க் குழாய் வைத்துச் சூடேற்றப் போகிறார்கள். ரோவன் தெருவுக்குத் தேவையில்லையாம். "ஆய்வின்படி பாதிப்பு இல்லை" என்று இருக்கிறது.

மேசி என்னைப் பார்த்தால் படியில் ஒதுங்கி நின்று வழி விடுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு வழி விட்டதே கிடையாது, இடித்துக்கொண்டுதான் போவாள்.

உன் படிப்பு நன்றாக முடியட்டும்.

ரோனா


உப்சாலா,
7 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்ததும் படிவங்களைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். ரோவன் தெருவில் எந்தப் படிக்கட்டிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. நோயுள்ள பிள்ளை மட்டுமில்லை, பத்து வயதுக்குள் பிள்ளையே இல்லை. நம் படிக்கட்டில் எத்தனை வீடோ அத்தனை படிவமும் இருக்கிறது. உன் வீட்டையும் சேர்த்து. நீ விட்டுவிடவில்லை. அத்தனையிலும் உன் கையெழுத்தில் பெரியவர்கள் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

அக்கா, அன்றைக்கு ராத்திரி கிர்ஸ்டி எங்கே தூங்கினாள்?

எல்ஸ்பெத்


ரோவன் தெரு,
29 ஏப்ரல் 1984

எல்ஸ்பெத்துக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

கிர்ஸ்டி ஆரன் தீவில் இருக்கிறாள். போன ஆகஸ்டிலிருந்து. ஆர்ச்சியின் அக்கா நெட்டாவின் வீட்டில். ஒரு விடியற்காலையில் அவள் உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து, "இன்னொரு குளிர்காலம் இவளை இந்த வீட்டுல வெச்சிருக்காதீங்கம்மா" என்றார். அந்த வாரமே படகேற்றி விட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்றா? கன்னம் சிவந்திருக்கிறது, வயிறாரச் சாப்பிடுகிறாள் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. நெட்டா கடிதத்தில் வந்ததை அப்படியே எடுத்து எழுதினேன்.

நான் மட்டும் என்று நினைக்காதே. மேசியின் பையன் டெக்லன் கடல் தாண்டி டோனகாலில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறான். மேல்மாடிக்காரியின் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று ஃபைஃப் பக்கம், ஒன்று ஏர் ஊரில். இந்தத் தெருவில்தான் ஓதம் மிக மோசம், அதனால்தான் இந்தத் தெருவில் பிள்ளை இல்லை. வெளியே சொல்லவும் முடியாது. வீட்டில் பிள்ளை இல்லை என்று வாடகை ஆபீசுக்குத் தெரிந்தால், "உங்களுக்கு எதுக்கு ரெண்டு படுக்கையறை?" என்று சின்ன வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அவள் வந்தாலும் படுக்க இடம் இருக்காது. பெயர் இல்லை, கதவு எண் இல்லை என்று நீ சத்தியம் செய்ததால்தான் உண்மையைச் சொன்னோம். நீ கேட்டது நேற்று ராத்திரி யார் தூங்கினார்கள் என்று. பிள்ளை யாரும் இங்கே தூங்கவில்லை, போதுமா? நாங்கள் சொன்ன உண்மையை வைத்தே எங்களை வெள்ளையடித்துவிட்டாய்.

ஈஸ்டருக்குப் போய்ப் பார்த்தேன். படகுத்துறையில் நெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே சிரித்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, "நீ எந்தப் படகுல திரும்பிப் போறே அம்மா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. மலைமேல் ஓடுகிறாள் எல்ஸ்பெத், ஆட்டுக்குட்டி பின்னால், ஒரு சின்ன இழுப்பு இல்லாமல்! நான் கீழே நின்று மூச்சு வாங்கினேன். "பாத்தியா, எப்படித் தேறிட்டா!" என்றாள் நெட்டா. அவளுக்குப் பிள்ளை கிடையாது. ராத்திரி கதை சொல்கிறாள், காலையில் கஞ்சியில் தேன் விட்டுத் தருகிறாள். நெட்டா நல்லவள். ஒரு குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

வானம் தெளிந்த நாளில் மேல்படி ஜன்னலிலிருந்து அந்தத் தீவு தெரியும். துணி உலர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு போய் நிற்பேன். மேசி அங்கே வந்தால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். டோனகால் அங்கிருந்து தெரியாது, பாவம்.

உனக்கு இது பட்டம். எனக்கு இது என் பிள்ளை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

ரோனா


உப்சாலா,
10 மே 1984

என் ரோனா அக்காவுக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே நலம் விசாரிக்கிறேன். நானும் நலமாக இல்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. தப்பு கேள்வியில் இருக்கிறது, அந்தக் கேள்வியை எழுதியது நான். ஒரு பிள்ளையை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவோமோ என்று பயந்தேன். இப்போது உன் பிள்ளை எந்த இடத்திலும் எண்ணப்படவில்லை. ஆரன் தீவில் போய்க் கேட்டாலும் நெஞ்சு நோய் இல்லாத பிள்ளை என்றுதான் எழுதுவார்கள். ஓதம் எங்கே குறைவோ அங்கே பிள்ளைகள் இருந்து இருமுகிறார்கள், எங்கே கொடுமையோ அங்கிருந்து போய்விடுகிறார்கள். என் சாயம் இருமலைத்தான் காட்டியது.

பேராசிரியரிடம் சொன்னேன். முதலில் அவர் ஏற்கவில்லை. "இல்லாதவங்களை எண்ண முடியாது எல்ஸ்பெத், எங்கே போய் நிறுத்துவீங்க?" என்றார். "அம்மாக்கள் நிறுத்துற இடத்துல நிறுத்தறேன்" என்றேன். அவர் எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் கவுன்சிலுக்கு, முதல் வரைபடத்தை நம்ப வேண்டாம், அதில் எங்கள் பிழை இருக்கிறது என்று தன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பினார்.

புதுக் கேள்வி ஒன்றுதான்: "இந்த வீட்டுல தூங்க வேண்டியவங்க யாரு, இப்ப எங்க தூங்கறாங்க?" ஆனால் இதைக் கேட்டால் வாடகை ஆபீசுக்கும் தெரிந்துவிடும். பெயர் போடாவிட்டாலும், ரோவன் தெருவில் பிள்ளை இல்லாத வீடுகள் என்று ஆனபிறகு மறைக்க என்ன இருக்கிறது? அறை போய்விடக்கூடும். அந்த ஆபத்து உங்களுக்குத்தான், எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் நான் கேட்கமாட்டேன். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்றால் வேண்டாம். இருக்கிற வரைபடத்தையும் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

ஒரு தடவை உன் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் போல இருக்கிறது.

உன் தங்கை,
எல்ஸ்பெத்


ரோவன் தெரு,
16 செப்டம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? முதுகுவலி எனக்கு இல்லவே இல்லை, நேற்று மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

உன் புதுக் கேள்விக்கு வந்த பதில்களை ஜூனில் அனுப்பியபோது அவற்றோடு கடிதம் எதுவும் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். உன் கேள்வியை மேசியின் வீட்டுக்குத்தான் முதலில் எடுத்துப் போனேன். கதவிடுக்கில் நின்று படித்தாள். "டெக்லன் எங்கடீன்னு என்னை இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல ரோனா" என்றாள். கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே போய் இருவரும் அழுது தீர்த்தோம். பிறகு மற்றவர்கள். கோடி வீட்டுக்காரி மட்டும் அறை போய்விடும் என்று பயந்து மறுத்துவிட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதே பயம் எல்லோருக்கும் இருந்தது.

வியாழக்கிழமை கவுன்சில் கூட்டம். உன் புது வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். ரோவன் தெரு அதே வெள்ளைதான். அதிலிருந்து கோடுகள் புறப்பட்டுப் போகின்றன: ஆரனுக்கு, ஏர் ஊருக்கு, ஃபைஃபுக்கு, கடல் தாண்டி டோனகாலுக்கு. டால்கிளீஷ் எழுந்தார். "இந்தக் குழந்தைங்க இப்ப இங்க இல்லையே. இல்லாத குழந்தைக்கு எப்படி நோய் இருக்கும்?" என்றார்.

"இங்க இருந்தா இருக்கும் சார். அதனாலதான் இல்ல" என்றாள் மேசி.

அவர் விடவில்லை. "அப்ப இவ்வளவு நாளா உங்களுக்கு எதுக்கு ரெண்டு படுக்கையறை?" என்று கேட்டேவிட்டார். நாங்கள் பயந்த கேள்வி. தலைமையில் இருந்தது கார்னகன் என்கிற வயதான அம்மாள். "உட்காருங்க டால்கிளீஷ், அவங்க பேசட்டும்" என்றார்.

யார் பேசுவது? நான் பொது இடத்தில் வாய் திறந்ததே இல்லை என்று உனக்குத் தெரியும். கால் தானாகப் போனது. வரைபடத்தில் ஆரன் தீவில் விரலை வைத்தேன். "இது என் பொண்ணு கிர்ஸ்டி. ஆறு வயசு. போன வருஷம் ஆகஸ்ட்லேர்ந்து இங்க இருக்கா. அவ கட்டிலை எடுக்காம வெச்சிருக்கேன், அதுக்குத்தான் அந்த அறை" என்றேன். விரலை எடுக்காமல் அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் மேசி வந்து டோனகாலில் விரல் வைத்தாள். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி. பெயர் வேண்டாம் என்று நீ எவ்வளவு கவனமாக இருந்தாய்! நாங்களே சொல்லிவிட்டோம்.

குளிர்காலம் முடிந்ததும் அடுத்து ரோவன் தெருவில்தான் வேலை. எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறையை எடுக்கமாட்டார்கள். கோடி வீட்டுக்காரிக்கும் சேர்த்துத்தான்.

வெளியே வந்ததும் உன்னைத் தேடினேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாய் என்று தெரிந்தும் தேடினேன். நீ அங்கே நின்றிருக்க வேண்டும்.

உன் அக்கா,
ரோனா


உப்சாலா,
7 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பேராசிரியரிடம் படித்துக் காட்டினேன். உன் பேச்சு வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு முதல் பாடமே உங்கள் தெருதானாம்.

எனக்குப் பாராட்டெல்லாம் வருகிறது. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுவதும் உங்களைத் தள்ளிப் போட்டவள் நான்தானே. ஆய்வு முடிந்து வரும் கோடையில், ஜூலையில் வருகிறேன். இந்த முறை வெறும் பேச்சில்லை, லீவு வாங்கிவிட்டேன். கிர்ஸ்டி எப்போது வருகிறாள் என்று நாள் தெரிந்ததும் எழுது.

உன்,
எல்ஸ்பெத்


ரோவன் தெரு,
19 மே 1985

அன்புத் தங்கை எல்ஸ்பெத்துக்கு,

நீயும் உன் பேராசிரியரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இந்த வார்த்தையை முதல் தடவையாக யோசிக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் வேலை முடிந்தது. சுவரை எலும்புவரை உரித்து, புதுசாகக் கட்டி, வெந்நீர்க் குழாய் வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நான் அவளை அழைக்கவில்லை. நேற்று கிர்ஸ்டி வந்துவிட்டாள்.

நெட்டாதான் கூட்டிவந்தாள். பெட்டியில் துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. தேன் பாட்டில், கம்பளிச் சட்டை, பள்ளியில் எழுதிய நோட்டு எல்லாம் இருந்தன. கிர்ஸ்டி உள்ளே நுழைந்ததும் அறை அறையாக ஓடினாள். "இது நம்ம வீடா? வாசனையே இல்லையே!" என்று கத்தினாள். ஆர்ச்சி அவளைத் தூக்கிச் சுற்றினார். எவ்வளவு கனம் தெரியுமா? அவர் முகத்தில் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் சிரிப்பைப் பார்த்தேன்.

நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் நெட்டாவைக் காணவில்லை. கிர்ஸ்டியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல், அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டு, சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே. பிறகு கட்டிலை நகர்த்தி அந்த மூலையில். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிள்ளைக்காக, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நிம்மதியாக இருக்கட்டும் என்று கதவருகே நின்றேன். அவள் திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன் எல்ஸ்பெத். அவள் ஓதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு விரலளவு ஈரம் எங்கேயாவது இருந்துவிடாதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா காஞ்சிருக்கு ரோனா" என்றாள். "ஒரு இடத்துலகூட இல்ல."

நான் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு வருஷமாக மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை அவளை. "இங்கயே ரெண்டு நாள் இரேன் அண்ணி" என்றேன். முடியாதென்று தலையை ஆட்டினாள். கோழிக்கும் ஆட்டுக்கும் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மாலைப் படகுக்கே கிளம்பிவிட்டாள். கிர்ஸ்டி வாசலில் நின்று கை அசைத்துவிட்டு, டோனகாலிலிருந்து திரும்பி வந்துவிட்ட டெக்லனோடு விளையாட ஓடிவிட்டாள். குழந்தைதானே. நெட்டா தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஜூலையில் நீ வருகிறாய். எத்தனை நாளாக அந்த நாளுக்குக் காத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன், நேராக இங்கே வராதே. முதலில் ஆரனுக்குப் போய் நெட்டாவோடு ஒரு வாரம் இரு. அவள் கஞ்சியில் தேன் விட்டுக் கொடுப்பாள், வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடு. அப்புறம் என்னிடம் வா. நான் காத்திருப்பேன், எனக்குப் பழக்கம்.

உன் அக்கா,
ரோனா